அரைவாசி வெளியில்

டிடெக்டர் கத்தினது ஒரு சோடா மூடிக்கு.
மூடியை எடுக்க மண்ணைச் சுரண்டுகையில்தான்
கம்பி முனையில் மற்றது இடறியது:
உருண்டை. கொஞ்சம் மெத்து.
மெத்தென்றிருப்பது வெடிக்காது என்று
பயிற்சியில் எவரும் சொல்லித்தரவில்லை.
கரண்டியால், பிறகு தூரிகையால்
அரை மணித்தியாலம்.
முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்க
அம்பகாமத்து மண்ணுக்குள் இருந்து
தோல் உரிந்த பெரிய வெங்காயம் ஒன்று.

"வெங்காயம்" என்று வோக்கியில் சொன்னேன்.
சுப்பவைசர் திருப்பிக் கேட்டார்:
"என்ன வகை?"

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு
மாங்குளத்துக்குக் கொண்டுவந்தேன்.

வாடகை அறை, கிழக்கே ஒற்றை யன்னல்,
நானும் நிரோஜினியும் இரண்டு கட்டிலும்.
பால்மா ரின்னில் ஆணியால் ஐந்து ஓட்டை,
மணல் பாதி எரு பாதி.
முழுதாய் மூடினேன்.
வவுனியாவில் பூக்கண்டுக் கடையில்
ஒரு வருசம் நின்றவள் நிரோஜினி.
"லில்லியடி இது, அழுகிப்போகும்.
அரைவாசி வெளியில நிக்கவேணும்."

அரைவாசி வெளியில்.
மண்ணில் அரைவாசி தெரிகிற உருண்டையைப்
பக்கத்தில் வைத்துக்கொண்டு
நான் எப்படி நித்திரை கொள்ள?
முதல் மூன்று இரவும்
அதன்மேல் ஒரு பழந்துணி போட்டேன்.

இலை வந்தது, நாடா நாடாவாக.
வந்ததெல்லாம் யன்னலுக்கே சரிந்தது.
காலையில் வேலைக்கு இறங்கமுன்
ரின்னைக் கால்வாசி திருப்பிவிடுவேன்.
மாரி போனது. சிறுபோகம் விதைத்தார்கள்.
இலை. பிறகும் இலை.
நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
அடித்தட்டில் நுளம்புக் குடம்பி கண்டு
பி.எச்.ஐ. எச்சரித்துவிட்டுப் போனார்.
"நீ கவனிச்சுக் கவனிச்சே இதைக் கொல்லப்போறாய்."

ஆடியில் அவள் சொன்னதைக் கேட்டேன்.
தண்ணீரை நிறுத்தி
கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்,
கிழிந்த சப்பாத்துக்கும் குடைக்கும் நடுவில்.
இலை மஞ்சளாகி மடிந்தது.
கச்சான் காற்று கதவடியால் புழுதி தள்ளியது,
கிணற்று வாளிக்குக் கயிறு போதாமல் போனது,
எனக்கு இடுப்பு வலி வந்து மாறியது.
அதை மறந்தேவிட்டேன்.

ஐப்பசி முதல் மழையன்று
குடை எடுக்கக் குனிந்தால்
கட்டில் சட்டத்தில் தலை முட்டி
வளைந்து நிற்கிறது ஒரு தண்டு.
நுனி, கிளியின் மூக்கு.

நான்கு பூ. செங்கல்லில் கொஞ்சம் இரத்தம் கலந்த சிவப்பு,
இதழுக்கு நடுவே வெள்ளைக் கோடு,
தொண்டை பச்சை.
விடியற்கால ரயில் போகும்போது
யன்னல் கட்டில் மகரந்தம் கொட்டும்.
நிரோஜினி அதோடு படம் எடுத்து
கட்டாருக்கு அனுப்பினாள்.
"ஆரின்ர வீடு?" என்று பதில் வந்ததாம்.

காணி விட்டாயிற்று என்று கேள்விப்பட்டு
ஒரு ஞாயிறு
பக்கத்தில் விட்ட குட்டிக் கிழங்கைப் பிரித்து
பழைய பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன்.
தகரக் கொட்டில். தவறஞ்சினி என்று பெயர் சொன்னா.
போனில் பூவைக் காட்டினேன்.
சிரித்தா, நன்றாகச் சிரித்தா.
"ஐயோ இதுவோ! வேலிக்கரை முழுக்க இதுதான்.
கறிக்கும் ஆகாது, மாட்டுக்கும் நஞ்சு.
பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்சனான்."

பிளேன்ரீ தந்தா.
"கிணத்தடி பாத்தாச்சோ பிள்ளை?"
"பாத்தாச்சு அக்கா."
கிழங்கை வாங்கித் தண்ணீர்ப் பீப்பாயின் மூடியில் வைத்தா,
சாவியோ கத்தரிக்கோலோ வைப்பதுபோல.
கோப்பையைக் கழுவிவந்து
திரும்பவும் கேட்டா:
"கிணத்தடி?"

நான் எழும்பிப்போய்
கிணற்றைச் சுற்றி ஒருதரம் நடந்து காட்டினேன்.

அறைக்கு வர இருட்டிவிட்டது.
கடைசிப் பூவும் தொங்கியிருந்தது.
தண்டை அடியோடு வெட்டினேன்.
உள்ளே வெறும் குழாய்;
அதற்குள் இவ்வளவு தண்ணீரா,
கை முழுக்கப் பிசுபிசுத்து வழிந்தது.
துடைக்க ஏதும் இருக்கிறதா என்று தடவினேன்.
அந்தப் பழந்துணிதான் அகப்பட்டது.